பழைய துவக்கு, நல்ல கண்ணாடி

நேற்றுக் காட்டில் பட்ட ஈரம் போக இன்று காலை வேட்டைத் துவக்கைத் துடைத்தேன். எண்ணெய் மணம் வரவேற்பறை வரை வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் குளிரென்றும் பாராமல் யன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைச் சுளித்தபடி தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்குப் போயிருப்பீர்கள். இன்று யன்னலை நான்தான் திறந்தேன்.

நான் ஏன் வேட்டைக்குப் போகத் தொடங்கினேன் என்று உங்கள் சினேகிதர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஹனோவருக்கு வெளியே, காட்டோர உணவகத்தின் குசினியில் அத்தனை வருடம் நின்றவள் நான். வேட்டைக்காரர் கொண்டுவரும் பன்றிகளில் பல, வயிற்றில் சூடு பட்டவையாக இருக்கும். இறைச்சி பழுதாகிவிடும். அந்தச் சீவன் எவ்வளவு துடித்து ஓடியிருக்கும் என்பதும் வெட்டும்போது தெரியும். இவர்களைவிட நான் நன்றாகச் சுடுவேன் என்று எனக்குத் தோன்றியது. தலைக்கனம்தான், ஆனால் பிழையில்லை. ஐம்பது வயதில் யாக்ட்ஷைன் பரீட்சைக்குப் படித்து வேட்டை அனுமதி எடுத்தேன்.

நீங்கள் ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு, "துவக்கு வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு நித்திரை வராது," என்றீர்கள். உங்கள் கெண்டைக்காலில் இருந்த தழும்பு எனக்குத் தெரியாததா? ஊரில், சண்டை நேரம், இருட்டில், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வயல் வரம்பால் ஓடும்போது பட்ட சூடு. சுட்டவன் யாரென்று உங்களுக்கும் தெரியாது, யாரைச் சுட்டோமென்று அவனுக்கும் தெரியாது.

அப்படியிருந்தும் கடைக்கு என்னைக் காரில் கூட்டிப்போனது நீங்கள்தான். கையில் இருந்த காசுக்குப் புதுத் துவக்கும் அதன்மேல் பூட்ட மலிவான தொலைநோக்கியும் வாங்கலாம், அல்லது பழைய துவக்கும் நல்ல தொலைநோக்கியும் வாங்கலாம். பளபளக்கும் மரக்கட்டை போட்ட புதியதில்தான் என் கண் நின்றது. கடைக்காரர் பழையதைக் காட்டினார். ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் தடையில்லாமல் ஓடியது. அதைக் கழற்றிக் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே ஒரு பொட்டுத் துருவில்லை. கீறலெல்லாம் கட்டையில்தான். நீங்கள் துவக்கைத் தொடவே இல்லை. இரண்டு தொலைநோக்கியையும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், மங்கும் வெளிச்சத்தில் தெருவுக்கு அப்பால் நின்ற மரங்களின் அடியையே மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"துவக்கு பழசெண்டாப் பரவாயில்லை. காசைக் கண்ணாடியில போடும். வடிவாக் காணாததைச் சுடப்படாது," என்றீர்கள்.

பழைய துவக்கையும் நல்ல தொலைநோக்கியையும் வாங்கினேன். என் கைக்கு நீளமாக இருந்த அடிக்கட்டையைத் துவக்குத் திருத்துபவர் அரிந்து குறுக்கினார். மாரிக் கோட்டோடு வரச்சொல்லி, அதைப் போட்டபடி நான் தோளில் வைத்துப் பார்க்க, வட்டம் முழுதாகத் தெரியும்வரை தொலைநோக்கியை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டினார். பிறகு சூட்டுத் திடலில் மூன்று வகைத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தேன். விலை கூடியது கடதாசி முழுக்கச் சிதறியது, மலிவானது ஒரே இடத்தில் விழுந்தது. துவக்குக்கு எது பிடிக்கிறதோ அதைத்தான் வாங்கவேண்டும். முதல் இரண்டு தரமும் நீங்கள் பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தீர்கள். அடுத்த முறை பிளாஸ்கோடு உள்ளே வந்து கடதாசியைப் பார்த்துவிட்டு, உழுந்து வடையின் ஓட்டைக்குள் மூன்று சூட்டையும் போட்டிருக்கிறீர் என்று பகிடி பண்ணினீர்கள். ஆனாலும் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புப் பெட்டியில் பூட்டிய முதல் நாளே தலையணையைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டீர்கள். பெட்டி படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் இருந்தது.

ஆயுதபூசை வந்தது. குசினிக் கத்தி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். துவக்கை எடுக்க மனம் துணியவில்லை. அதற்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை என்று கேட்டது நீங்கள்தான். நான் பெட்டியைத் திறந்து எடுத்துப் பிடிக்க, நீங்களே பொட்டு வைத்தீர்கள். நல்ல மனிதர், வைத்தது தொலைநோக்கியின் முன்விளிம்பில். சந்தனம் வழிந்து கண்ணாடியில் காய்ந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் விடிய வேட்டைப் பரணில் இருந்தேன். காட்டோரத்தில் ஒரு பன்றி வந்து நின்றது. தொலைநோக்கிக்குள் பார்த்தால் ஒரே மஞ்சள் புகார் மூட்டம். பெரிய உருவம், கிட்டத்தான் நின்றது, குத்துமதிப்பாகச் சுட்டாலும் பட்டிருக்கும். போல்ட்டை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தேன். அந்தச் சத்தத்துக்கு அது ஓட, புல்லுக்குள்ளிருந்து குட்டிகளும் பின்னால் ஓடின. பிந்திப் பிறந்தவை, முதுகில் கோடு இன்னும் மாறவில்லை.

வீட்டுக்கு வந்து உங்களை ஏசினேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். குட்டிகளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. கெண்டைக்காலைத் தடவினீர்கள்.

"நீர் சுடேல்லைத்தானே," என்றீர்கள்.

அன்றிரவு தலையணை திரும்பி வந்தது. படுத்தவுடனேயே குறட்டை. எனக்குத்தான் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

நீங்கள் கண்மூடியபின் இது இரண்டாவது மாரி. உங்களோடு கதைக்க வேண்டும்போல் இருக்கிறது, அதுதான் எழுதுகிறேன். நேற்றுப் பொழுதுபடும் நேரம் பற்றைக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. விசையில் விரலை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் போகும்வரை அது வெளியே வரவில்லை. வெறுங்கையோடு இறங்கினேன். கூட வேட்டைக்கு வருபவர்கள் என்னை ஆமை என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். காயப்பட்ட சீவனைத் தேடி நாயோடு காட்டுக்குள் அலையும் வேலை எனக்கு இன்றுவரை வந்ததில்லை. அன்று ஊரில் உங்களைச் சுட்டவனுக்கு யாரென்று பார்க்கப் பொறுமை இருக்கவில்லை. நான் வடிவாகக் காணும்வரை பொறுத்திருக்கிறேன்.