கணக்கப்பிள்ளை ஊரில் இல்லை

மேல் பிரிவு,
வட்டகொடை.
12.11.2023

அன்புள்ள ஜெரா,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கைபேசியில் பல முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரல் நலமாக இருப்பது தெரிந்துவிட்டது. மற்ற உறுப்புகளைப் பற்றி அறியவே இந்தக் கடிதம். கடிதத்துக்குக் கட்டைவிரலைப் பதிலாக அனுப்ப முடியாது.

இன்று தீபாவளி. கொழும்புக்குப் போன எல்லோரும் வந்திருக்கிறார்கள். நீ வேதக்காரன் என்பதால் உனக்கு லீவு கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். உன் அம்மா, ஜோசப்பின் அத்தைதான், சொல்லி வருத்தப்பட்டார். போன வருஷம் எங்கள் வீட்டு முறுக்கைத் தின்றபோது நீ வேதக்காரன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கவில்லை.

சூசைரட்ணம் சேர் இன்னும் ஹட்டனிலிருந்து வந்து, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நம் நாடகக் குழுவை வட்டமாக உட்காரவைக்கிறார். வட்டம்தான் சிறிதாகிக்கொண்டே போகிறது. போன வாரம் கேத்ரினும் கட்டுநாயக்காவுக்கு, ஆடைத் தொழிற்சாலையில் தைக்கப் போய்விட்டாள். குழு தொடங்கி ஓராண்டு ஆகப்போவதால், உதவி தரும் நிறுவனம் எங்களை எழுதச் சொல்லியிருக்கிறது: ‘இந்த ஓராண்டில் நான் எவ்வாறு மாறினேன்?’ நான் எழுதினேன்: ‘என் குரல் பெரிதாகியிருக்கிறது. வீட்டில் இதை முன்னேற்றமாக யாரும் கருதவில்லை.’ சேர் இரண்டாவது வாக்கியத்தை வெட்டினார். டினேஷ், தனக்கு இப்போது கூச்சம் போய்விட்டது என்று எழுதியிருந்தான். அதை வாசித்துக்காட்டச் சொன்னபோது கூச்சப்பட்டு மறுத்துவிட்டான்.

எங்களை ஏசி வேலை வாங்கும் உன் கணக்கப்பிள்ளை வேடம் அப்படியே இருக்கிறது. பாத்திரத்தை உருவாக்கியவன்தான் அதைப் பேச வேண்டும் என்பது வட்டத்தில் எடுத்த முடிவு அல்லவா? ஆகவே கணக்கப்பிள்ளை பேச வேண்டிய இடம் வந்ததும், உன் வசனம் முடியும் நேரம்வரை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறோம். பிறகு பதில் சொல்கிறோம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, நாங்கள் ஒரு நாற்காலியிடம் ஏச்சு வாங்குவது போல இருக்கும்.

எப்போது வருகிறாய்?

அன்புடன்,
தனு

*

வெள்ளவத்தை.
26.11.2023

அன்புள்ள தனு,

கட்டைவிரலை மன்னித்துவிடு. காலையில் கடை திறந்ததும் முதலாளி எங்கள் கைபேசிகளை லாச்சியில் போட்டுப் பூட்டிவிடுவார். இரவு திரும்பிக் கிடைக்கும்போது அறை நிறையப் பையன்கள். அவர்கள் கேட்க உன்னோடு பேச முடியாது. ஒளித்துப் பேசும் அளவுக்கு நம்மிடம் ரகசியம் ஏதும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதுதான் பெரிய வெட்கம்.

நான் விற்பது கொமட், பேசின், குழாய். பின்பக்கக் களஞ்சியத்தில் சுவர் முழுக்க ஓடு பதித்திருப்பதால் குரல் நன்றாக எழும்புகிறது. மத்தியானம் சோற்றுப் பார்சலை முடித்ததும் அங்கே போய், வரிசையாக நிற்கும் கொமட்டுகளின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன்: “ஏய், நாலாம் லயத்து ராணிகளா! மழை என்ன ஒங்க மாமனா, வந்ததும் வேலைய விட்டுட்டு வரவேற்க?” ஒன்றும் எதிர்த்துப் பேசுவதில்லை. மேல் பிரிவில் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததே இல்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி கேட்டார்:

“தம்பி எந்த இடம்?”

“நுவரெலியா, ஐயா.”

“டவுனோ?”

“ஓம்.”

“அப்பா என்ன செய்யிறார்?”

“தபாற்கந்தோரில.”

ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய அப்பாவுக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு இது. அவருக்கு இன்னும் தெரியாது. ‘வாங்க’ என்று சொன்ன வாய் இப்போது முதலாளியைப் போல ‘வாங்கோ’ என்கிறது. குழுவில் படித்த நடிப்பு இங்கே கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை பயன்படுகிறது. சேரிடம் சொல், அறிக்கையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அந்த நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நாள் முழுக்க வேறு யாரோ போலப் பேசிவிட்டு, அந்தக் களஞ்சியத்தில் மட்டும்தான் என் குரலில் பேசுகிறேன். அதையும் டினேஷுக்குக் கொடுத்துவிட்டால், ஊருக்கு வந்தாலும் நான் பேச ஒன்றும் இருக்காது.

நத்தார்ப் பண்டிகைக்கு வர முடியாது. நத்தாருக்கு முன்பு கொழும்பில் எல்லோருக்கும் குளியலறை புதிதாக வேண்டுமாம்.

உன்,
ஜெரா

*

மேல் பிரிவு,
வட்டகொடை.
14.01.2024

அன்புள்ள ஜெரா,

நாளை பொங்கல். உன் பங்கை நானே சாப்பிட்டு, எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

உன் நாற்காலி மடுவத்தில் பிரபலமாகிவிட்டது. நாங்கள் பழகும் நேரம்தான் அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம் என்பது உனக்குத் தெரியும். பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்று முழு நாடகத்தையும் பார்த்துவிடுகிறார்கள். நேற்றுப் பேச்சியம்மா அக்கா கேட்டார்:

“ஏன்டி தனு, அந்த நாற்காலி இன்னுமா வாயத் தொறக்கல?”

“ஜெரோஷன் வந்துதான்க்கா பேசணும்.”

“நம்ம நெசக் கணக்கப்பிள்ளைக்கு இப்படி ஒரு சீக்கு வரக்கூடாதா, மாரியாத்தா!”

வரிசை முழுக்கச் சிரித்தது. நிறுத்துக்கொண்டிருந்த மாயாண்டிக் கணக்கப்பிள்ளையும் சிரித்தார். சிரித்து முடித்ததும், இலையில் ஈரம் அதிகம் என்று எல்லோருக்கும் எடையில் கழித்தார்.

நாடகத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, இதே மடுவத்தில். டினேஷ் கணக்கப்பிள்ளையாக நடிக்கட்டும் என்று யோகேஸ்வரன் வட்டத்தில் சொன்னான். நான் எழுந்து, “அவன் வருவான்” என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். “கடிதம் எழுதியிருக்கிறான்” என்றேன். யோகேஸ்வரன் உட்கார்ந்துவிட்டான். இந்தக் காலத்தில் ஒருவன் ஒரு பெண்ணுக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறான் என்றால் விஷயம் பெரிது என்று நினைத்திருப்பார்கள். நானும் மறுக்கவில்லை.

கேத்ரின் போனபிறகு மடுவத்திலிருந்து லயத்து வீடுகளுக்கு ஏறும் பாதையில் என்னோடு வருவது பனி மட்டும்தான். பகலில் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும்போது மூன்று வயதுக்காரர்களோடு பேசுகிறேன். நல்ல சிநேகிதர்கள்தான். சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறார்கள்.

வந்துவிடு, ஜெரா. உனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தனு

*

வெள்ளவத்தை.
04.02.2024

தனு,

லீவு கிடைத்துவிட்டது! அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொன்னேன். அம்மாவிடம் சொல்லி, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் இருமச் சொல். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். காக்கிக் கால்சட்டையை அயர்ன் பண்ணி வைத்துவிட்டேன்.

ஜெரா

*

வெள்ளவத்தை.
19.02.2024

அன்புள்ள தனு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் பையோடு படியிறங்கினேன். வாசலில் லொறி நின்றது. ஏதோ கல்யாண மண்டபத்துக்கு அவசரமாகக் கொமட் இறக்க வேண்டுமாம். “தம்பி, இதை முடிச்சிட்டுப் போமன்” என்றார் முதலாளி. முடித்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அந்த மண்டபத்தில் கல்யாணம் செய்பவர்கள் நூறாண்டு வாழட்டும். அவர்களுக்கு வேண்டியது எல்லாவற்றையும் நான் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியிருக்கிறேன்.

நாடகத்தைத் தள்ளிப்போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மார்ச்சில் வைத்தால் கட்டாயம் வருவேன். டினேஷிடம் மட்டும் கொடுத்துவிடாதே. எல்லோரும் கோபமா? நீ கோபமா?

ஜெரா

*

மேல் பிரிவு,
வட்டகொடை.
25.02.2024

அன்புள்ள ஜெரா,

கோபப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவரை. பிறகு நடந்தது வேறு.

நாங்கள் தள்ளிப்போடவில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் வாகனத்தில் வந்து இறங்கிவிட்டார். நாற்காலியோடு நடிப்பதைத் தவிர வழியில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் காட்சி தொடங்கியது. நாங்கள் வரிசையில் நின்று உன் நாற்காலியைப் பார்த்தோம். மடுவம் நிறைய ஆட்கள், ஒரு சத்தமில்லை. அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து பேச்சியம்மா அக்காவின் குரல்:

“ஏய், நாலாம் லயத்து ராணிகளா!”

பிறகு பெண்கள் எல்லோரும் ஒன்றாக:

“மழை என்ன ஒங்க மாமனா, வந்ததும் வேலைய விட்டுட்டு வரவேற்க?”

நீ கொழும்புக்குப் போகும் முன்பு மாதக்கணக்கில் வரிசையில் நின்று கேட்டுக் கேட்டு உன் வசனம் முழுக்க அவர்களுக்குப் பாடமாகியிருந்தது, ஜெரா. நாற்காலியைக் கேலி செய்த அதே வாய்கள், ஒரு சொல் பிசகாமல் எங்களை ஏசின. நாங்கள் பதில் சொன்னோம். மறுபடி ஏசினார்கள். மாயாண்டிக் கணக்கப்பிள்ளை பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டார். இப்படி ஒரு கைதட்டலை அந்த மடுவம் கேட்டதில்லை. மேடம் அழுதுவிட்டு, அழுததைக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

இனி யாரும் கணக்கப்பிள்ளையாக நடிக்கப்போவதில்லை, நாற்காலிதான் என்று சேர் முடிவெடுத்துவிட்டார். மார்ச் 23 நாடகம் போட உங்கள் வெள்ளவத்தையிலேயே மண்டபம் எடுத்திருக்கிறார்கள். உனக்கு நடந்து வரும் தூரம். வந்து பார்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதினேன்.

தனு

*

வெள்ளவத்தை.
10.03.2024

அன்புள்ள தனு,

உன் கடிதத்தைக் களஞ்சியத்தில் வைத்து வாசித்தேன். சந்தோஷம். இரண்டாவது முறை வாசித்தபோது சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. என் வசனம் நன்றாக இருக்கிறது. அதற்கு நான் தேவைப்படவில்லை. மூன்றாவது முறை வாசிக்கவில்லை.

மார்ச் 23 பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். நிகழ்ச்சிப் புத்தகத்தில் எங்கள் கடை விளம்பரம் வருகிறது. முதலாளி குடும்பத்தோடு போகிறார். “தம்பி, நீரும் வாரும். தோட்டத்துப் பிள்ளையளின்ர நாடகமாம். உமக்குக் கொஞ்சம் விளங்கும்தானே, பக்கத்து ஊர்தானே” என்றார். நானும் “ஓம் ஐயா, கொஞ்சம் விளங்கும்” என்றேன்.

ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? வெள்ளவத்தைக்காரர்களுக்கு என் வசனம் தெரியாது. அங்கே நாற்காலி பேச வேண்டிய இடத்தில் யார் பேசுவது?

நான் இருக்கிறேன், பயப்படாதே. எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று பேசுவேன். முதலாளி என்ன நினைத்தாலும் சரி.

உன்,
ஜெரா

*

மேல் பிரிவு,
வட்டகொடை.
26.03.2024

அன்புள்ள ஜெரா,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம்.

நீ பேசுவாய் என்று மற்றவர்களிடமும் சொல்லியிருந்தேன். அதனால் பெரட்டுக் காட்சி வந்ததும் எல்லோரும் நாற்காலியைப் பார்ப்பதை விட்டுவிட்டு இருட்டைப் பார்த்தார்கள். விளக்கு கண்ணில் அடித்தது. ஒரு முகமும் தெரியவில்லை. உன் வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். முடிந்துவிட்டது. சரி, இப்போதுதான் எழுந்திருப்பாய் என்று இன்னொரு முறை சொன்னேன். யாரோ இருமினார்கள். பிறகு நாங்கள், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னோம்.

தோல்வி என்று நினைக்காதே. நன்றாகக் கை தட்டினார்கள். “அந்த மௌனம் எவ்வளவு ஆழம்!” என்று ஒரு அம்மா சேரின் கையைப் பிடித்துக்கொண்டார். அது அறிக்கையில் வருகிறது.

முடிந்தபிறகு வாசலில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஐயா குடும்பத்தோடு வந்தார்.

“நல்லாச் செய்தீங்கள், பிள்ளையள். எங்கட கடையிலயும் உங்கட பக்கத்துத் தம்பி ஒருத்தர் நிக்கிறார். நுவரெலியா டவுன். எங்களோடதான் இருந்தவர், தலையிடி எண்டு இடையில எழும்பிப் போயிட்டார். ஜெரோஷன் எண்டு, தெரியுமோ?”

டினேஷ் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

“இல்லீங்க ஐயா,” என்றேன். “டவுன் ஆளுங்கள எங்களுக்குப் பழக்கம் இல்லீங்க.”

உன் அப்பாவின் உத்தியோகம் என்னால் போகக்கூடாது அல்லவா? உன்னைத் தெரியாது என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் கஷ்டமாக இருந்தது. ஹட்டன் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் நான் தூங்குவதாக நினைத்துப் போர்வை போர்த்திவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலைவலி எப்போது வந்தது? பெரட்டுக் காட்சிக்கு முன்பே எழுந்து போயிருந்தால் ஒரு வரி எழுது. நம்புவேன். நாங்கள் நின்றதை இருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால், எழுத வேண்டாம்.

தனு

*

மேல் பிரிவு,
வட்டகொடை.
12.05.2024

ஜெரோஷனுக்கு,

ஒன்றரை மாதம் தபால்காரர் பொன்னையா அண்ணனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோசப்பின் அத்தைக்கு நீ போட்ட ஈஸ்டர் வாழ்த்து ஒழுங்காக வந்திருக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நேற்று வட்டத்தில் நானே எழுந்து சொன்னேன், கணக்கப்பிள்ளை வேடத்தை டினேஷ் செய்யட்டும் என்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சேர் மட்டும், அந்த மௌனம் போய்விடுமே என்று கவலைப்பட்டார்.

டினேஷுக்கு உன் குரல் இல்லை. கையைப் பின்னால் கட்டினால் விலங்கு போட்டவன் போல நிற்கிறான். ‘மாமனா’ என்று சொல்லும் இடத்தில் அவனே சிரித்துவிடுகிறான்.

ஆனால் பேசுகிறான்.

இப்படிக்கு,
அ. தனுஷிகா