அப்பா திறந்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டி

ஹோர்சன்ஸ்,
19.09.2010

அன்புள்ள மகன் ஜெனோஷனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம், என் வலது கையைத் தவிர. நீ அங்கே மெல்பேர்னில் இரண்டு கையும் முழுதாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். கைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. போன கிழமை மழைக்குள் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் சறுக்கி விழுந்தேன், மணிக்கட்டில் சின்ன வெடிப்பு, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஐந்து கிழமை வேலைக்கு லீவு. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெனனி எழுதுகிறாள். கதைக்கிற மாதிரியே எழுதடி என்றால் கேட்கிறாளில்லை, கடிதம் என்றால் எழுத்துத் தமிழில்தான் இருக்க வேண்டுமாம், நான் சொல்லுகிற ஒவ்வொரு வசனத்தையும் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். (அண்ணா, இது ஜெனனி. அம்மா ஒரே வசனத்தில் மூன்று விஷயம் சொல்கிறார், நான் பிரித்து மட்டும்தான் எழுதுகிறேன். கருத்தை மாற்றவில்லை.)

தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நீ டேனிஷில் நாலு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், அப்பா பக்கத்தில் நின்றும் வாங்கிக் கதைக்கிறாரில்லை. ஜூன் மாதம் உனக்கு மார்கழி ரிக்கற் போட இருந்தபோது, வழக்கம்போல விமானத்துக்கு எங்கள் சபை விலக்கின பன்றி, றால், நண்டு இல்லாத விசேஷ சாப்பாடு சொல்லட்டோ என்று அவர் கேட்டதும், வேண்டாம், நான் இப்போது றால், நண்டு எல்லாம் சாப்பிடுகிறேன் என்று நீ சொன்னதும், அப்ப இந்த வீட்டுச் சாப்பாடும் வேண்டாமோ என்று அவர் கத்தினதும், அப்படியெண்டா நான் வரேல்லை என்று நீ வைத்ததும் எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது. நீங்கள் இருவரும் கதைக்காமல் மூன்று மாதம், மகன். நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதை விட, மார்கழிக்கு நீ வருவாயோ என்பதுதான் என் ஒரே கவலை. அதனால் அப்பாவின் பயணத்தில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அவர் தானாக உனக்குச் சொல்ல மாட்டார்.

ஆவணி மாதம் அவர் மன்னாருக்குப் போனது உனக்குத் தெரியும். சண்டை முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, மேரிசெலின் மாமியும் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றதும், இருபத்திரண்டு வருடமாகக் காணாத அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ரிக்கற் போடும்போது ஹேர்னிங்கில் இருக்கிற எங்கள் சபை மூப்பர் நீக்கிலாஸ் அண்ணைதான் சொன்னாராம், முஸ்லிம் சாப்பாட்டில் பன்றி இராது, ஆனால் றால் வந்தாலும் வரும், யூதர்களின் கோஷர் சாப்பாடு என்றால் வேதத்தில் லேவியராகமத்தில் உள்ளபடி எல்லாம் சரியாக இருக்கும் என்று. ஜெனனி அதைப் பற்றி நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வாசித்து, இறைச்சியோடு பாலும் வராது அப்பா, தேத்தண்ணியைப் பால் இல்லாமல்தான் குடிக்க வேண்டி வரும் என்று எச்சரித்தாள். பரவாயில்லை, நண்டை விட்ட மனுசனுக்குப் பால் ஒரு பொருட்டோ என்றார். நான் வழிக்கு வாழைப்பழமும் தோடம்பழமும் ஒரு பை நிறையக் கட்டினேன், ஏரோப்பிளேனிலை பழக்கடையோ வைக்கப் போறன் என்று எரிந்து விழுந்தார்.

இலண்டனில் மாறி ஏறிய பெரிய விமானத்தில், மற்றவர்களுக்கு வருவதற்கு முன்பே அவருடைய சாப்பாடு வந்துவிட்டதாம். பணிப்பெண் முதலில் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்து, முத்திரை உடையவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள், சூடாக்கட்டுமா என்று கேட்டாராம். இரண்டு பிளாஸ்ரிக் உறை, மேலே முத்திரைத்தாள். அப்பாவுக்குத் தன்னை ஒரு மந்திரியாக நினைத்துப் பெருமை. அந்த நேரம் மூன்று வரிசைக்கு முன்னால் ஒரு வயதானவரிடம் பணிப்பெண் மன்னிப்புக் கேட்பது காதில் விழுந்திருக்கிறது. அவரும் கோஷர்தான் சொல்லியிருந்தாராம், அவருடைய பெட்டி ஏற்றப்படவில்லை. பதினொரு மணித்தியாலம், வெறும் தண்ணீர். அப்பாவுக்கு மனம் பொறுக்கவில்லை. நம்முடைய ஆட்கள் ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கிறதென்றால் எப்படிக் கொடுப்போம், மூடின சட்டியையா நீட்டுவோம்? சூடாகி வந்த பெட்டியின் இரண்டு உறையையும் கிழித்து, மேல் தாளை உரித்து, கரண்டியைக் கடதாசியால் துடைத்து ஓரத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவருக்கு முன்னால் வைத்து, பழக்கத்தில் டேனிஷிலேயே சாப்பிடுங்கள் என்றாராம்.

அந்த மனிதர் பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு மெதுவாக டேனிஷில், நீங்கள் திறந்துவிட்டீர்களே என்றாராம். கொப்பன்ஹேகன்காரர், இரத்தினக்கல் வாங்க இலங்கைக்குப் போகிறவர். சமையலறையில் போட்ட முத்திரை முழுதாகச் சாப்பிடுகிறவரின் கைக்கு வர வேண்டுமாம், அவர்தான் உடைக்க வேண்டுமாம். நான்தானே திறந்தனான், ஒண்டும் கலக்கேல்லை என்று அப்பா சொல்ல, உங்களை நம்புகிறேன், ஆனாலும் இதை நான் சாப்பிட முடியாது என்றாராம். பட்டினி கிடந்தவருக்கு வந்த ஒரே சாப்பாட்டையும் தான் கெடுத்துவிட்டேன் என்று அப்பாவுக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்ததாம். தானும் அதைத் தொடவில்லை, பெட்டி ஆறிப்போனது.

பிறகுதான் என் பழப்பை ஞாபகம் வந்திருக்கிறது. இந்த முறை ஒன்றையும் தொடாமல், பையையே கொண்டுபோய், இது சாப்பிடலாமோ என்று கேட்டாராம். முழுப் பழம் என்றால் தாராளமாக என்று அவர் சிரித்தாராம். தோடம்பழத்தை உரித்துக் கொடுக்கக் கை துருதுருத்ததாம், இரண்டு கையையும் முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன் என்று அப்பா சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் தானே உரித்துப் பாதியை அப்பாவுக்குக் கொடுத்தாராம். அப்பாவின் டேனிஷில் எங்கள் யூட்லாந்துப் பக்கத்து இழுவையைக் கேட்டு, நீங்கள் ஹோர்சன்ஸ் பக்கத்து விவசாயி மாதிரிக் கதைக்கிறீர்கள் என்று வேறு பகிடி. நீங்கள் யூதரா என்று கேட்டதற்கு, இல்லை, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைக்கிற கிறிஸ்தவச் சபைக்காரர், நண்டை விட்டுப் பதினான்கு வருடம் என்று அப்பா சொன்னாராம். அதற்கு அவர், நான் நண்டை ஒருநாளும் ருசி பார்த்ததில்லை, எனக்கு அதில் இழப்பே இல்லை, நீங்கள் ருசி தெரிந்தல்லவா விட்டிருக்கிறீர்கள் என்றாராம். இந்த ஒரு வசனத்தை அப்பா சபையில் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

மன்னாரில் மாமி என்ன செய்து வைத்திருந்தார் என்று நினைக்கிறாய்? நண்டுதான், பெரிய சட்டி நிறைய. அப்பா தயங்கித் தயங்கிச் சொல்ல, இருபத்திரண்டு வருசம் கழிச்சு வந்து என்ரை சட்டிக்குச் சட்டம் சொல்லுறியோ என்று அகப்பையைக் காட்டினாராம். பிறகு தானே சிரித்து, முகாமில் வரிசையில் நின்று தந்ததைத்தான் திண்டனாங்கள் தம்பி, இது வேணும் அது வேணாம் எண்டு சொல்ல வழியில்லை, இப்ப நீ வேணாம் எண்டு சொல்லுறதைக் கேக்கவே எனக்குச் சந்தோசம் என்று சொல்லி, அவருக்கு மட்டும் சபை விலக்காத, செதிள் உள்ள விளைமீன் பொரித்துக் கொடுத்தாராம். சுற்றிவர எல்லாரும் நண்டு உடைக்க, அப்பா நடுவில் இருந்து மீன் சாப்பிட்டாராம். நேசம், ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை, நானும் ஒருத்தரையும் கேக்கேல்லை என்று என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்த அப்பா, சப்பாத்தும் கழற்றாமல் கணினிக்கு முன்னால் போய் இருந்து உன் ரிக்கற்றைப் போடத் தொடங்கினார். உன் பெயர், பிறந்த திகதி எல்லாம் ஒருவரையும் கேட்காமல் அடித்தார், யன்னல் ஓர இருக்கையும் போட்டார். அதன் கீழே சாப்பாட்டுக்கு ஒரு கட்டம். பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே போனார், திரும்ப மேலே வந்தார், பிறகு கையை எடுத்துவிட்டு ஜெனனியிடம், இதை விடு, அவன் போடட்டும் என்றார். வெறுமையாக விட்டால் சாதாரண சாப்பாடுதான் வரும் அப்பா என்று அவள் சொன்னாள். தெரியும் என்றார்.

டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குவாய், விபரம் உன் மின்னஞ்சலுக்கு வரும், சாப்பாட்டுக் கட்டத்தை நீயே அதில் நிரப்பலாமாம். அந்தக் கட்டத்தை நீ எப்படி நிரப்பினாலும் சரி, நிரப்பாவிட்டாலும் சரி, நான் கேட்க மாட்டேன். என் சட்டியில் மட்டும் நண்டு எதிர்பாராதே, விளைமீனுக்கு இங்கே எங்கே போவது, செதிள் உள்ள ஏதாவது ஒன்றைப் பொரித்துத் தருவேன். அங்கே வெயில் என்று மெல்லிய சட்டையோடு ஏறிவிடாதே, தடித்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை ஒரு குறையும் இல்லாமல் எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவாராக. கடவுச்சீட்டு முடிகிற திகதியை இன்றைக்கே எடுத்துப் பார்.

உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
நேசமலர்
(கை: ஜெனனி)

பி.கு.: அண்ணா, உறையை ஒட்டப் போகையில் அப்பா கடிதத்தை வாங்கி முழுதும் வாசித்தார். கீழே இருப்பது அவர் எழுதியது, நான் திருத்தவில்லை.

எதையெண்டாலும் சாப்பிட்டுக்கொண்டு வா, பட்டினி கிடந்து வராதை. பில்லுண்டுக்குக் காரோடை நான் வாறன். அப்பா.