மூன்றாம் நோன்பு

திருவண்ணாமலை
3.6.1983, இரவு

அன்புள்ள குர்ஷித் ஆப்பாவுக்கு வஜீதாவின் சலாம்.

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். எழுத்து கோணலாக இருக்கும். முன்னி இப்போதுதான் தூங்கினாள். பல் முளைக்கிறது, காய்ச்சல் இன்று கம்மி. மாமாவுக்கு முட்டிவலி தேவலை. வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். உருதுவில் எழுதி, தபாலில் சேர்ப்பதற்குள் மாமா கண்ணில் பட்டால் வாசித்துவிடுவார்.

உங்கள் தம்பியைப் பற்றித்தான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தையல் கடையில் யூனிபாரம் துணி குவிந்து கிடக்கிறது. பெருநாள் துணிகளும் வர ஆரம்பித்துவிட்டன. காலையில் அவருக்குக் கை நடுங்குகிறது. மெஷின் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான்தான். தெருமுனைக்குப் போய் ஒரு கிளாஸ் சாராயம் குடித்துவிட்டு வந்தால்தான் கத்தரி நேராகப் போகிறது. முன்பு ஆசைக்குக் குடித்தார். இப்போது நடுக்கம் நிற்பதற்குக் குடிக்கிறார்.

இன்னும் பத்து நாளில் நோன்புப் பிறை. அன்றே குடியை விட்டுவிட்டு நோன்பு பிடிக்க வேண்டும், முப்பது நாளும் வீட்டைவிட்டு வெளியே விடமாட்டேன் என்று மாமா முடிவு செய்துவிட்டார். "போன வருஷம் மூணாம் நோன்புல விழுந்தான். தாயத்து கட்டினோம், எழுந்துட்டான். ரம்ஜான் பூரா தொடல. பெருநாளுக்கு அப்புறம் சேர்க்கை சரியில்ல, அதான் கெட்டான்" என்கிறார். உங்கள் தம்பி தலையாட்டிக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை முன்னியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ரேணுகாம்பாளிடம் போனேன். குழந்தையைப் பார்த்து முடித்ததும் இதையும் சொன்னேன். "நிறுத்தத்தாம்மா வேணும். ஆனா இத்தனை வருஷம் குடிச்ச உடம்பு. வீட்ல வச்சு ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. ஒருதரம் வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும். உசுருக்கே ஆபத்து" என்றார். நானே அளந்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "நீங்க டாக்டரும் இல்ல, சாராயக் கடைக்காரியும் இல்ல. பொண்டாட்டி. அதை மட்டும் பாருங்க" என்று சிரித்தார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, ராத்திரி பகல் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்களாம். வருகிற வெள்ளிக்கிழமைக்கு இடம் சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை திடீரென்று நிறுத்த விடாதீர்கள், வேளைக்குச் சாப்பிட வையுங்கள், வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள் என்றார்.

மாமாவிடம் சொன்னேன். "காலேஜ் படிச்சவளுக்கு டாக்டரு சொன்னாத்தான் எல்லாம். நோன்பு பொறக்கிற நேரத்துல ஆஸ்பத்திரியில படுக்கறதா?" என்றார். நோயாளி நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறாரே என்றேன். "நோயாளிக்குத்தானே சொன்னாரு! இது நோயா? கொழுப்பு" என்று எழுந்து போய்விட்டார். உங்கள் தம்பியைக் கேட்டால், "வாப்பா சொன்னா வரேன்" என்கிறார்.

ஆப்பா, இப்போது நான் எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை, டாக்டரைத் தவிர.

போன வருஷமும் பிறை தெரிந்ததும் குடியை நிறுத்தினார், மூன்றாம் நோன்பன்று மெஷினிலிருந்து சரிந்தார். கை கால் இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். ஹஜ்ரத் வந்து ஓதித் தாயத்து கட்டினார். அசந்து கிடந்தவர் சாயங்காலம் எழுந்து, தூங்குகிற முன்னியின் உடம்பிலிருந்து எறும்பு பொறுக்க ஆரம்பித்தார். எறும்பு ஒன்றும் இல்லை. பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார். குழந்தை விழித்து அலறினாள், அவர் நிறுத்தவில்லை. மாமா நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு ஆராயி ஓடி வந்தாள். "எம் புருஷனும் இப்படித்தான் ஆனான். ஒரு வாய் குடும்மா, மத்தத நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவளே போய் வாங்கி வந்தாள். கடைக்காரன் அவளைப் பார்த்து, "என்னா ஆராயி, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றானாம். நான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். தூங்கினார்.

காலையில் டீ கேட்டார். மாமா தாயத்தைத் தொட்டுத் தொட்டு அழுதார். நான் எதுவும் சொல்லவில்லை. பெருநாள்வரை தினமும், மாமா பள்ளிவாசலுக்குப் போனதும், ஆராயி கொண்டுவந்தாள், நான் ஊற்றினேன். அவர் ரம்ஜான் பூரா தொடவில்லை என்று மாமா நம்புகிறாரே, நடந்தது இதுதான்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "அது வைத்தியம் இல்லம்மா. மறுபடி அப்படிக் காப்பாத்த முடியும்னு நெனைக்காதீங்க" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை ஆப்பா. நேற்று பால் பொங்கி அடுப்பு அணைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். முன்னி வந்து புடவையை இழுத்தாள். அப்புறம்தான் அடுப்பைத் துடைத்தேன்.

மகள் நீங்கள் சொன்னால் மாமா கேட்பார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி, தம்பியை வேலூருக்கு அனுப்பச் சொல்லி உருதுவில் அவருக்கு எழுதுங்கள். முடிந்தால் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி நேரிலேயே வந்துவிடுங்கள். அப்படியும் அவர் தாயத்தைக் காட்டினால் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நோன்பு மாதத்தில் இந்த வீட்டுக்குள் சாராயம் வாங்கி வைத்தவள் வஜீதா என்றே சொல்லுங்கள். என் வாயால் சொல்லத்தான் எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு மாமா என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. பெருநாளுக்கு முன்னிக்கென்று உங்கள் தம்பி ஒரு பச்சைச் சட்டை வெட்டி வைத்திருக்கிறார். இன்னும் தைக்கவில்லை.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நலமாக வைக்கட்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
வஜீதா