வேர்க்காத வம்சம்

ஜூலை 3

மேம்பாலத்தைத் திறந்து மூன்றாம் மாதமே மூடிய வருஷம் என்று எழுது, என்றேன். பேக்கரிக்காரர் அறுபது வயதில் மறுபடி மாப்பிள்ளை ஆனதும் இதே வருஷம்தான். எனக்கு எழுத்து தெரியாது; நான் சொல்ல, துணி மடித்த கையோடு மருமகள் எழுதுகிறாள். வெயில், போன வருஷ வெயிலுக்கு அண்ணன்.

ஜூலை 5

புல் பண்ணையில் மகனுக்கு வேலை மாற்றிவிட்டார்கள். இனி சூட்டு அறை. நான் முப்பது வருஷம் நின்ற கண்ணாடி அறை. குளிரில் வளர்கிற புல்லை அங்கே வைத்து வாட்டுவார்கள். தாங்கி நின்றதை மட்டும் ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்து விதை எடுப்பார்கள். எது நிற்கும் என்று தொட்டால் தெரியும். புறங்கையை வைத்தால் இலை சில்லென்று இருக்கும். புல்லும் தன் வழியில் வேர்க்கிறது. வேர்க்காதது மூன்றாம் நாள் வைக்கோல்.

தாயைப் போல பிள்ளைதானே என்று அங்கே ஆராய்ச்சி செய்த டாக்டரம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். சிரித்தார். "ஒரே சொத்தா வராதுப்பா. ரெண்டு பக்கத்துலேருந்தும் சில்லறை சில்லறையா வரும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு விழுந்திருக்குன்னு வாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

ஜூலை 6

ஒன்று சொல்ல வாயெடுத்தேன். எழுதுகிறவள் அவன் மனைவி. விட்டுவிட்டேன்.

ஜூலை 9

சொல்லிவிட்டேன். என் மனைவி பிறந்த வீட்டில் யாருக்கும் வேர்க்காது. முகம் செங்கல் நிறமாகும், தோல் காய்ந்தே கிடக்கும். மச்சான் சூளை வேலையில் சுருண்டு விழுந்தான். மச்சினி பேருந்து நிறுத்தத்தில். என் மனைவி மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனவள், கொடியைப் பிடித்த பிடி விடாமல். மூவருக்கும் வெயில்தான் எமன். மகனுக்கு அவள் மூக்கு, அவள் நடை. அவன் சட்டை ஒருநாளும் நனைந்து நான் பார்த்ததில்லை.

இதை எழுதாதே என்றேன். மருமகள் எழுதிக்கொண்டே, "சட்டை துவைக்கிறவ நான் மாமா. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

ஜூலை 10

வேறு வேலை கேட்டு வாங்கு என்று மகனிடம் சொன்னேன். குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். "நீ முப்பது வருஷம் நின்ன இடம்ப்பா அது. புலிக்குப் பொறந்தது பூனையாகுமா?"

"ரெண்டு பேருக்குப் பொறந்தவன்டா நீ" என்றேன்.

சிரித்தபடி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூலை 14

நாற்பத்தாறு டிகிரி என்கிறது ரேடியோ. தெருவில் ஒரு காக்கை இல்லை.

ஆகஸ்ட் 2

பண்ணையிலிருந்து ஆள் வந்து சொன்ன அன்றைக்குப் பிறகு மருமகள் பேனாவைத் தொடவில்லை. இன்று அவளே வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க மாமா" என்றாள்.

என்னத்தைச் சொல்ல? புல் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்த வாக்கில் போய்விட்டானாம். ஐஸ் வைத்துப் பார்த்தார்களாம். அவன் சட்டையைக் கையில் கொடுத்தார்கள். இஸ்திரி போட்டது மாதிரி மொடமொடவென்று இருந்தது. அப்பன் நின்ற இடம் என்றுதானே போனான்? நான் நிற்காமல் இருந்திருந்தால் — வேண்டாம், இதை எழுதாதே. சரி, எழுது. எழுதித் தொலை.

பேத்தி ஜன்னலோர வெயிலில் உட்கார்ந்து வீட்டுச் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயது. அப்பா ஷூவை மட்டும் தனியாக வைத்திருந்தாள். பக்கத்தில் போய் அவள் பின்கழுத்தில் புறங்கையை வைத்தேன். ஈரம்.

"பிள்ளையைக் குளிப்பாட்டினியாம்மா?"

"இன்னும் இல்ல மாமா."

கையை எடுக்க மனம் வரவில்லை. கூச்சமாக இருக்கிறது தாத்தா என்று நெளிந்தாள்.

மச்சான் போனான், மச்சினி போனாள், மனைவி போனாள், மகனும் போனான். அந்த வம்சத்தில் உயிரோடு இருக்கிறவள் எங்கள் பொடிசு ஒருத்தி என்று எழுது, என்றேன்.