பிலோமினா மேல் எனக்குள்ள எரிச்சல்

டண்டினோங், மெல்பேர்ண்

அன்பு மகள் லிண்டாவுக்கு,

மடு மாதாவின் துணையால் அப்பாவும் நானும் சுகம். பிரசல்ஸ் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு திரிவாய் என்று நம்பியிருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் நோவு குறைந்துவிட்டது, நடக்கச் சொன்னால் மட்டும் கூடிவிடுகிறது.

நீ அனுப்பிய வீடியோவை அப்பா தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். ஐரோப்பாவில் சட்டம் எழுதுகிறவர்கள் முன்னால் சாதாரண சனங்களின் குரலைக் கொண்டுபோவதுதான் உங்கள் அமைப்பின் வேலை என்று நீ எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறாய், அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீங்கள் கூட்டிவந்த அந்தத் துப்புரவுத் தொழிலாளி பிலோமினா, போர்த்துக்கல்காரி, கட்டடம் கழுவுகிற மருந்துகள் ஆற்றையும் கெடுக்கின்றன, கழுவுகிறவளையும் கெடுக்கின்றன என்று சொல்லி வெடித்த கைகளை விரித்துக் காட்டினாள். நீ பக்கத்தில் இருந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாய். எங்கட பிள்ளையைப் பார்த்தீரே என்று அப்பா பெருமைப்பட்டார். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். பொறாமைதான் பிள்ளை, வேறொன்றுமில்லை. படகில் வந்து இறங்கி, விசா இழுபட்ட வருடமெல்லாம் நான் முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தேன், இப்போதும் துடைக்கிறேன். நீ கிளேட்டனில் பல்கலைக்கழகம் படித்தபோது என் கையும் அப்படித்தான் வெடித்திருந்தது. கையுறை போடுங்கோ அம்மா என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திப் படிக்கப் போவாய். படிக்கத்தான் வேண்டும், பிழை சொல்லவில்லை. ஆனால் பிறகு தொலைபேசியில், அவ எனக்கு இங்க ஒரு அம்மா மாதிரி என்றாய். உட்காருகிற கதிரைக்குப் போர்த்துக்கல்காரரும் கிட்டத்தட்ட எங்கள் சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரும் எங்கள் மன்னாரில் வைக்கிற பெயர், சொல்லும் எங்கள் சொல், இனிப் பிள்ளையும் அவளுக்கா என்றிருந்தது. அன்ரி என்று கூப்பிட்டால் போதாதா?

அந்த எரிச்சலோடுதான் நான் நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். சூழலைக் கெடுக்காத பொருட்களை வாங்குவதற்கு இங்கே புது விதி எழுதுகிறார்கள், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று கோயிலில் பூசை முடிய, அங்கே வருகிற யோகராணி சொன்னாள். உமக்கு அங்க என்ன அலுவல் என்று அப்பா கேட்டார். பிலோமினா போனவதானே என்றேன். யோகராணியின் மகள் தாரகா மொழிபெயர்க்க வந்தாள். ஒருவர் மரம் நடுவதைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் குப்பைத்தொட்டியைப் பற்றி. என் முறை வந்தபோது தாரகாவையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனேன். சூழலுக்கு நல்லது என்று பச்சை இலைப் படம் போட்ட போத்தல் மருந்தும் என் கையை எரித்தது, வாங்குவதற்கு முன் பாவிக்கிற எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். அங்கிருந்த அதிகாரிப் பெண் உங்கள் கைக்கு என்ன நடந்தது என்று கேட்க, காட்டினேன். பின்வரிசையில் பள்ளிக்கூடம் கழுவுகிற ஒரு வியட்நாம்காரரும் எழும்பித் தன் கையைக் காட்டினார். போன கிழமை அந்தப் பெண் தொலைபேசியில் எடுத்தாள். துப்புரவுப் பொருள் தெரிவு செய்யும் முன் தொழிலாளரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று வரைவில் ஒரு வசனம் சேர்த்திருக்கிறார்களாம். சபை இன்னும் ஏற்கவில்லை. சேர்த்த வசனத்தைக் கடைசியில் வெட்டிப்போடுவினம், முடியும்வரைக்கும் பக்கத்திலேயே நிக்கவேணும் என்று நீ உன் வேலையைப் பற்றிச் சொல்வாயே, அதனால் கடைசிக் கூட்டத்துக்கும் போகிறேன். அப்பாவும் வருகிறாராம், முழங்காலோடு.

பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். அவளுக்குப் பக்கத்தில் நீ இருந்தாய். தாரகா நல்ல பிள்ளைதான், ஆனால் நான் நீளமாகச் சொன்னதைக் கெதியில் முடித்துவிட்டாள். இந்தக் கையோடுதான் என் மகளைப் படிப்பித்தேன் என்று கடைசியில் சொன்னேன். அதை அவள் ஆங்கிலத்தில் சொல்லவேயில்லை, கூட்டத்துக்குத் தேவையில்லை என்று நினைத்தாளாக்கும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மாதா உன்னை ஒரு குறையும் வராமல் காப்பாற்றட்டும். நத்தார்ப் பண்டிகைக்கு வருவதென்றால் இப்போதே டிக்கெட் போடு, பிறகு விலை ஏறிவிடும். பிலோமினா கைக்கு என்ன கிறீம் பூசுகிறாள் என்று கேட்டு எழுது.

உன்னைப் பெற்ற அம்மா,
மாக்கிறேட்