கியர்பாக்ஸில் இல்லாத சத்தம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலியும் பாப்பாவின் சளியும் தேவலையா?

போன வாரம் பட்டறையில் ஒரு கூத்து. ரிவர்ஸ் போட்டாலே அடியில் ‘டங்’ என்று இடிக்கும் பழைய கார் ஒன்று வந்தது. நான் கீழே படுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன்.

“ஷாஃப்ட் முனையில இருக்கிற கிராஸ் ஜாயின்ட்தான் தேஞ்சிருக்கு, நீங்களே பாருங்க” என்றேன் ஃபோர்மேனிடம்.

“கியர்பாக்ஸ்தான்யா. உன்கிட்ட அதைக் கழட்டத்தான் சொன்னேன்.”

இரண்டு நாள் பிரித்துப் பார்த்தோம். கியர்பாக்ஸ் குத்துக்கல்லாட்டம் இருந்தது. கடைசியில் ஜாயின்ட்டை மாற்றினோம், சத்தம் நின்றது. தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி, கார்க்காரரிடம் ஃபோர்மேன் கைகுலுக்கிக்கொண்டார். தாமதம் ஏன் என்று முதலாளி கேட்டபோது மட்டும் என்னைக் கைகாட்டினார். அடுத்த மாதம் ஊருக்கு வர இருந்த லீவு போயிற்று. நீ ஒன்றும் வருத்தப்படாதே.

மணி அடித்துவிட்டது. ஒன்றே ஒன்று. நான் வரும்வரை தொடாதே என்றேனே, அந்த ஹால் ஃபேன், அதன் ‘டக் டக்’ நேற்று போனில்கூடக் கேட்டது. இனிக் காத்திருக்காதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மோட்டார் போச்சு என்பான், நம்பாதே. மேலே கொக்கியில் இருக்கும் ரப்பர்தான் தேய்ந்திருக்கும். எங்க வீட்டுக்காரர் மெக்கானிக், அவர் சொன்னார் என்று சொல். அவனாவது கேட்கட்டும்.

பாப்பாவின் அப்பா