அட்டையில் இல்லாத டிஸ்க்

தென்காசி,
9-7-1989

அன்பு நண்பன் காந்திமதிநாதனுக்கு,

முத்துக்குமாரசாமி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். லண்டனில் வெயில் வந்துவிட்டதால் தங்கச்சிக்கு மூச்சுத் தொந்தரவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் நல்ல கூட்டமாம். நான் இன்னும் போகவில்லை. போக மனசில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ அனுப்புகிற கம்ப்யூட்டர் பத்திரிகைகளின் அட்டையில் இலவசமாக ஒட்டி வரும் டிஸ்க்குகள் தபாலில் மடங்கிவிடும் என்று நீயே பிரித்தெடுத்து வைத்திருப்பதாகவும், ஆவணியில் வரும்போது கையோடு கொண்டுவருவதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டது உனக்குத் தெரியும். பெட்டி வந்ததே தவிர, அதில் போட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. உன் முதல் பத்திரிகையில், டிஸ்க்கில் டைப் பழகுகிற விளையாட்டு இருப்பதாக அட்டையிலேயே போட்டிருந்தது. ஆனால் டிஸ்க் இல்லை. ஒட்டியிருந்ததைப் பிய்த்த தடம் மட்டும் இருந்தது. அடுத்ததும் அப்படியே. புக் போஸ்ட் உறையில் ஒரு பக்கம் திறந்துதானே இருக்கும்? வழியில் யாரோ எடுக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாவது வந்த அன்று, தபால்காரர் உச்சிமாகாளி அண்ணாச்சியை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன். நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்களா என்றுகூடக் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை.

"தம்பி, மழை பெஞ்சா ஒங்க பொஸ்தகத்த சட்டைக்குள்ள வச்சுல்லா கொண்டாருதேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் அதோடு விடவில்லை. தபால் ஆபீசுக்கும் போய்ச் சொன்னேன். உனக்கு ஒரு வரி எழுதிக் கேட்கலாம் என்று தோன்றியது அதற்குப் பிறகுதான்.

ஆபீசில் விசாரித்துவிட்டு, அவர் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். தெரு விடவில்லை. அவர் கையிலிருந்து கவரை வாங்கியதும் பிரித்த தடம் இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே பார்க்க ஆரம்பித்தார்கள். கோடிவீட்டு ஹைருன் பீவி அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். மகன் யாக்கூப் வளைகுடாவில், தம்மாமில் இருக்கிறான். அவன் போடுகிற கடிதங்களையெல்லாம் இத்தனை வருஷமாக வாசலில் நின்று படித்துச் சொன்னவர் அண்ணாச்சிதான். அந்த அம்மாவே கதவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்களாம். அதற்கப்புறம் அவர் இந்தத் தெருவில் வேலை பார்க்க விரும்பவில்லை. தானாகவே கேட்டு அச்சன்புதூருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அச்சன்புதூர் போனேன். சாரலில் நனைந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். படித்துக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது சரி தம்பி. பீவியம்மாளுக்கு இப்ப லெட்டர யாரு படிச்சுச் சொல்லுதா?" என்றார்.

திரும்பி வந்து நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "நீ நல்ல புள்ளப்பா. அந்த மனுசன் பேரு கெட்டுப்போச்சேன்னு இப்படிச் சொல்லுதே" என்றார்கள். மற்ற வீடுகளிலும் இதே பேச்சுத்தான். உன் கடிதத்தைக் காட்டினால், நான் சொல்லி நீ எழுதினதாம். அவர் எடுத்தார் என்று நான் சொன்னபோது ஒருவர்கூட அத்தாட்சி கேட்கவில்லை, காந்தி.

உன் மேல் எந்தக் குறையும் இல்லை. எனக்கு வருகிற பொருள் கெட்டுவிடக் கூடாது என்றுதான் நீ செய்தாய். இதை நினைத்து அங்கே வருத்தப்பட்டுக்கொண்டிருக்காதே. தங்கச்சியிடமும் சொல்ல வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். லீவு முன்னதாகக் கிடைக்குமானால் ஆவணி வரை காத்திராமல் வா. வந்ததும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, என்னோடு தெருவில் வீடு வீடாக வர வேண்டும். உன் வாயால் நீயே சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உலகம்மை உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். எனக்காக நீ எதுவும் வேண்டிக்கொள்ள வேண்டாம். இந்த மழையில் அண்ணாச்சி அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிறார். அவருக்காக வேண்டிக்கொள்.

உன்,
முத்துக்குமாரசாமி